மூன்றாவது பெட்டி

கந்தசாமிக்கு ஒரு குணம். யாராவது ஒரு கவுண்ட்டர் முன்னால் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே எழுதுவது, யாரிடம் நீட்டுவது என்று முழித்துக்கொண்டு நின்றால் அவருக்குப் பொறுக்காது. முழிக்கிற ஆள் மேல் கோபம் வராது. அந்தத் தாளை அச்சடித்தவன் மேல்தான் வரும். "இதைச் செஞ்சவன் ஒருநாளாவது இந்தப் பக்கம் வந்து நின்னு பார்த்திருப்பானுங்களா?" என்று பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பார். இது நடப்பது புனேயில். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. அதைப் பற்றிக் கந்தசாமிக்குக் கவலையும் கிடையாது.

கோயமுத்தூர்க்காரர். பிம்ப்ரியில் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஸ்டோர், சம்பளப் பிரிவு, கேன்டீன் என்று ஒவ்வொன்றுக்கும் திரை அமைத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. மற்றவர்கள் செய்து கொடுத்த திரைக்கு முன்னால் ஸ்டோர் ஆட்கள் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கந்தசாமி செய்தது என்றால் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

அதற்குக் காரணம் அவர் மனைவி லீலா. புதிதாக எதைச் செய்தாலும் ஞாயிற்றுக்கிழமை செக்யூரிட்டியிடம் பல்லைக் காட்டி அவளை ஆபீசுக்குள் கூட்டிப்போய்த் திரைக்கு முன்னால் உட்காரவைப்பார். பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய், கைகளை முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரே ஒரு விதி: பின்னால் நிற்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. லீலா தப்பான இடத்தில் தட்டுவாள், திரும்ப முதலுக்கே போவாள், உச்சுக்கொட்டுவாள். கந்தசாமிக்கு நாக்கு நுனிவரை வந்துவிடும். முழுங்கிக்கொள்வார். "நான் பக்கத்துல நின்னு சொன்னா உனக்குப் புரிஞ்சிரும் லீலா. நாளைக்கு ஸ்டோர்ல உக்கார்றவனுக்கு யாரு சொல்லுவா?" அவள் எங்கே தடுக்கி விழுந்தாளோ அந்த இடத்தைத் திங்கட்கிழமை மாற்றிவிடுவார்.

"நீங்க பேசாம நிக்கற ஒரே இடம் இதுதானுங்க. வருஷம் பூரா ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்தீங்கன்னாக்கூட எனக்குச் சம்மதம்" என்பாள் லீலா.

லீலாவுக்கு ஊரே புனேதான். அவள் அப்பா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். பிறந்தது, வளர்ந்தது, மராத்திப் பள்ளியில் படித்தது எல்லாம் கட்கியில். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மராத்தி. கல்யாணமான புதிதில் கந்தசாமிக்கு ஒரு கட்டு கொத்தமல்லி கேட்டு வாங்க வாய் வராது. அவள் மண்டியில் நின்று பேரம் பேசுவதை, பையைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டு நாயனம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு நிற்பார். மனசு நன்றாக இருந்தால் லீலா அவரை "ஏனுங்க" என்பாள். கோபம் வந்தால் மராத்திப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிறது போல "அஹோ" என்பாள். 'அஹோ' காதில் விழுந்ததும் கந்தசாமி பேப்பரை மடித்து வைத்துவிடுவார். அந்த அளவுக்கு மராத்தி அவருக்குத் தெரியும்.

அப்போது மாற்றலாகி வருகிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பேங்க், டெலிபோன், தொழிற்சாலை, லோஹேகாவ் பக்கம் விமானப்படை. நடுவில் வந்து ஸ்டேட் போர்டு பள்ளியில் சேரும் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், சயின்ஸ் வரும். மராத்தி வராது. மராத்தி எடுத்தே ஆகவேண்டும். வகுப்பில் எழுந்து நின்று ஒரு வரி வாசிக்கச் சொன்னால் மற்ற பிள்ளைகள் சிரித்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வீசி எறிந்துவிட்டு அழும். அப்படி அழுத ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணை லீலா கூப்பிட்டு உட்காரவைத்ததில் ஆரம்பித்தது.

அவள் புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். "முதல்ல சண்டை போடக் கத்துக்கோ. மீதி தானா வரும்" என்று, ஒருத்தி காய் விற்கிறவளாம், இன்னொருத்தி வாங்க வந்தவளாம் என்று எதிரெதிரே உட்காரவைத்துவிடுவாள். ஒரே கூச்சல். கல்யாணத்துக்குச் சீராக வந்த பவானி ஜமக்காளம் ஒன்று இருந்தது, சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது. நாலு மணியானால் அதை விரிப்பாள். வாசலில் செருப்புகள் குவிந்து, கந்தசாமி ஆபீசிலிருந்து வந்தால் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டியிருக்கும். பிள்ளைகள் அவளை லீலா தாயி என்று கூப்பிட்டன. மராத்தியில் தாயி என்றால் அக்கா. ஒரு விளம்பரம் கிடையாது, ஒரு பலகை கிடையாது. ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னாள், அவ்வளவுதான். தொண்ணூறுகள் முழுக்க அந்த வீடு அப்படி இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளில் கம்பெனி, கம்ப்யூட்டர் வேலையை வெளியே கொடுத்துவிட்டு, விருப்ப ஓய்வு என்ற பெயரில் அந்தப் பிரிவையே வீட்டுக்கு அனுப்பியது. விருப்பம் யாருக்கு என்பது வேறு கதை. கட்கியில் குடியிருந்த பழைய கட்டடத்தையும் இடிக்கப் போகிறார்கள் என்றார்கள். மகள் ரோஹிணி படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குப் போயிருந்தாள். வந்த பணத்தில் புனேயின் ஓரத்தில், வாகட்டில் ஒரு ஃப்ளாட் வாங்கிக் குடிபோனார்கள். சுற்றிலும் புதிது புதிதாக எழும்புகிற கட்டடங்கள், ஹிஞ்சேவாடி ஐ.டி. பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ்கள், கேட்டில் வாட்ச்மேன், எந்நேரமும் மூடிய கதவுகள். எந்தக் கதவுக்குப் பின்னால் எந்த பாஷை பேசுகிறார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. கட்கிப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் வருமா? வரவில்லை.

முதல் மாதம் லீலா நாலு மணிக்கு ஜமக்காளத்தை விரித்தாள், பழக்க தோஷம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மடித்து வைத்தாள். மறுநாளும் விரித்தாள். கந்தசாமி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவள் மடித்த ஜமக்காளத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சமைக்கறது, துவைக்கறதெல்லாம் யாரு வேணும்னாலும் செய்வாங்க. எனக்குன்னு இது ஒண்ணுதானுங்க இருந்துச்சு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் கந்தசாமிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த நாளே மனுஷர் ஆரம்பித்துவிட்டார். டியூஷன் ஆசிரியர் வேண்டுபவர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்து வைக்க ஒரு சைட். கேட்டவர்களிடம் புனே முழுவதுக்கும் என்று சொன்னார். புனே முழுவதும் என்றால் அவர் கணக்கில் லீலா. தலை நரைக்கிற வயதில் புத்தகத்தைப் பிரித்து வைத்து, வெப் பக்கம் எழுதக் கற்றுக்கொண்டார். பெயர் வைத்தது லீலா: 'ஷிகவணி'. மராத்தியில் டியூஷனுக்கு அந்தச் சொல்தான். வீட்டில் ஒரே டெலிபோன் லைன். இன்டர்நெட் ஓடினால் போன் அடிக்காது. அதனால் விடிந்ததும் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலம் லைனைத் தொடவே மாட்டார். லீலாவைத் தேடி யாராவது கூப்பிடும்போது எங்கேஜ்டாக இருந்தால் என்ன ஆவது?

முதலில் செய்த பக்கத்தில் கேள்விகள் கொட்டிக் கிடந்தன. பிள்ளைக்கு எதில் பயம், எந்தப் பாடத்தில் அழுகிறது, வீட்டில் என்ன பாஷை, எந்த நேரம் தோது, மாடி ஏற முடியுமா. லீலாவை உட்காரவைத்துப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் பாதியில் மவுஸை விட்டுவிட்டு, "பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்கலீங்க" என்றாள். ரோஹிணி பெங்களூரிலிருந்து போனில், "அப்பா, இவ்வளவு கொஸ்டின்ஸ் யாரும் ஃபில் பண்ண மாட்டா. மூணு கிளிக், அவ்ளோதான். மூணுக்கு மேல போச்சுன்னா ஓடிடுவா" என்றாள். அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும்.

வெட்டினார். வெட்ட வெட்ட மனசு கேட்கவில்லை, இருந்தாலும் வெட்டினார். கடைசியில் மூன்று பெட்டிகள் மிஞ்சின. முதல் பெட்டி, எந்தப் பாடம். இரண்டாவது, எந்தப் பேட்டை. மூன்றாவது, ஆசிரியரின் தாய்மொழி.

மூன்றாவது பெட்டி அவர் சொந்த யோசனை. ஊர் புதிது, பாஷை புதிது, பிள்ளையைப் பற்றி மனம்விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று தவிக்கிற தாய் தகப்பனை நினைத்துச் செய்தது. தான் வந்து இறங்கிய காலத்தை நினைத்துச் செய்தது.

"இது எதுக்குங்க?" என்று லீலா சோதனை நாற்காலியில் இருந்தபடியே கேட்டாள். அவள் எழுந்த பிறகுதான் பதில் சொன்னார், விதிப்படி. "நம்ம ஆளுக வந்தா மராத்தின்னு ஒரு கிளிக், வாகட்னு ஒரு கிளிக், தமிழ்னு ஒரு கிளிக். நேரா உன்கிட்ட வந்து நிப்பாங்க."

லீலாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவளுக்கும் அது சரி என்றுதான் பட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் கந்தசாமிக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

சைட் ஓடியது. பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வந்தது, ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வந்தார்கள். கோத்ரூடில் ஸ்வாமிநாதன் என்று ஒரு கணக்கு வாத்தியார், பேங்கில் ஓய்வு பெற்றவர். தமிழில் கணக்குச் சொல்லித்தர ஆள் தேடிய அம்மாக்கள் எல்லாம் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். "அந்த மூணாவது பெட்டி இருக்கு பாருங்கோ, அதுதான் சார் விசேஷம்! என் பிராணனையே திருப்பிக் கொடுத்துட்டேள்" என்று போனில் உருகினார். கன்னடத்தில் கெமிஸ்ட்ரி, மலையாளத்தில் பிசிக்ஸ் என்று எல்லாரும் யாராவது ஒருத்தரைக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பேர் நன்றி சொன்னார்கள்.

லீலாவுக்கு மட்டும் ஒரு போன் வரவில்லை.

சைட்டில் பெயரைப் பதிந்து உள்ளே வந்தவர்கள் யார், எதைத் தட்டினார்கள் என்று காலையில் பார்ப்பது கந்தசாமியின் வழக்கம். மராத்தி வேண்டும் என்று தட்டியவர்கள் நிறைய இருந்தார்கள், வாகட்டிலேயே. எல்லாரும் மூன்றாவது பெட்டியில் மராத்தி என்றே தட்டியிருந்தார்கள். சுப்பிரமணியம் என்று பெயர் போட்டவரும் தட்டியிருந்தார், சிவகாமி என்று போட்டவளும் தட்டியிருந்தாள். கணக்குக்குத் தமிழ் ஆள் தேடுகிற அதே கை, மராத்தி என்றதும் மராத்திக்காரரைத் தேடியது. நம்ம ஆள் சொல்லிக் கொடுக்கிற மராத்தி என்ன லட்சணத்தில் இருக்கும் என்று நம்ம ஆளுக்கே ஒரு எண்ணம்.

கந்தசாமியால் அவர்களைத் திட்ட முடியவில்லை. ரோஹிணி ஐந்தாவது படிக்கும்போது ஹிந்திக்கு ஆள் வேண்டும் என்று அவர் அலைந்தபோது, பக்கத்துத் தெருவில் ஹிந்தியில் எம்.ஏ. படித்த சேலத்துக்காரி ஒருத்தி இருந்தாள். "அதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று எங்கேயோ போய் ஒரு லக்னோக்காரரைப் பிடித்து வந்தவர் அவர்தான்.

மொழிப் பாடங்களுக்கு மட்டும் அந்தப் பெட்டியை எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஊரே மெச்சின பெட்டி அது. எடுத்தால் எது எங்கே உடையுமோ என்ற பயம். ஜூன் வேறு பிறக்கப் போகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற அந்த மாதம் தப்பினால் அப்புறம் அடுத்த வருஷம்தான். இன்னொரு வருஷம் லீலா அந்த ஜமக்காளத்தை மடித்துக்கொண்டு உட்காருவதை அவரால் பார்க்க முடியாது. ஒருநாள் காலையில், அவள் பால் வாங்கக் கீழே போயிருந்தபோது, 'லீலா கே.' என்ற பெயருக்கு நேரே தமிழ் என்று இருந்ததை மராத்தி என்று மாற்றினார். ஒரே ஒரு கிளிக். எல்லாவற்றையும் சுலபமாகச் செய்து வைத்திருந்தாரே, அதுவும் சுலபமாகத்தான் இருந்தது.

போன் அடித்தது. மறுநாளும் அடித்தது. லீலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். பேசுவது மராத்தியில், அது வராதவர்களிடம் ஹிந்தியில், எதிர்முனையில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. ஜூன் முடிவதற்குள் ஜமக்காளம் நிறைந்துவிட்டது. வாசலில் மறுபடி செருப்பு. கூடத்தில் காய்கறிச் சண்டை. அங்கே யார் வீட்டுப் பிள்ளையானாலும் மராத்தி தவிர வேறு பேச்சு கிடையாது, கொண்டுவந்து விடுகிற பெரியவர்கள் வாசலோடு சரி. "உங்க சைட்டுக்குச் சுத்திப் போடோணுமுங்க" என்று சொல்லி, லீலா நிஜமாகவே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கம்ப்யூட்டரைச் சுற்றிக் கொண்டுபோய்ப் போட்டாள். கந்தசாமி சிரித்தார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று மழைக்காலம் போய்விட்டது.

தீபாவளி கழிந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீலக்ஷ்மி வந்தாள். அதே வளாகத்தில் பக்கத்துக் கட்டடம், ஹிஞ்சேவாடியில் வேலை, சென்னையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போனில் ஹிந்தியில் பேசிவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லீலா கதவைத் திறந்து ஹிந்தியிலேயே வரவேற்று உட்காரவைத்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கந்தசாமி, "லீலா, காப்பித்தூள எங்க வெச்சுத் தொலைச்சே?" என்று கத்தினார். பேசாமல் நிற்பதில் பேர்போன மனுஷர்!

"அட, நீங்க தமிழா!" ஸ்ரீலக்ஷ்மிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துலயே இருந்துட்டு இவ்ளோ நாளா தெரியலையே ஆன்ட்டி! இங்க தமிழ்ல பேசி எவ்ளோ நாளாச்சு தெரியுமா?" காபி வந்தது. நல்ல முருங்கைக்காய் எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து மாமியார் முழங்கால் வரை பேசியாயிற்று. பிறகு அவள் உள்பக்கம் எட்டிப் பார்த்து, "சரி ஆன்ட்டி, மராத்தி டீச்சர் எப்போ வருவாங்க?" என்றாள்.

"நான்தான்மா."

ஸ்ரீலக்ஷ்மி சிரித்தாள். லீலா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "இல்ல ஆன்ட்டி... சைட்ல மதர் டங் மராத்தின்னு போட்டிருந்தது. அதனாலதான் செலக்ட் பண்ணேன்."

"அப்படியா போட்டிருக்குது? ஏதோ தப்பா இருக்கும். நான் இங்கயே பொறந்து மராத்தியில படிச்சவதான்மா. தைரியமா விடு."

"ஐயோ, உங்களைச் சொல்லல ஆன்ட்டி. தப்பா எடுத்துக்காதீங்க. இவனுக்கு வீட்ல தமிழ் கேட்டு கேட்டுத்தான் நாக்கு திரும்ப மாட்டேங்குது. மராத்திக்கு மராத்திக்காரங்களே இருந்தா... அவர்கிட்டயும் கேட்டுட்டு போன் பண்றேன்." கெட்ட பெண் இல்லை. பிள்ளையை நினைத்துப் பயந்தவள். காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனாள். போன் வரவில்லை. அதற்கப்புறம் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் வாய் நிறைய ஆன்ட்டி என்றாள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு லீலா நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"உங்க சைட்ல ஏதோ கோளாறுங்க. வாங்க, வந்து பின்னாடி நில்லுங்க. பேசக் கூடாது, தெரியுமில்ல?" என்று விரலை ஆட்டினாள். அவளுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை, பாவி மகளுக்கு.

கந்தசாமி வந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். டயல் செய்கிற இரைச்சல் ஓய்ந்து பக்கம் வந்தது. லீலா மராத்தி என்று தட்டினாள், வாகட் என்று தட்டினாள். மூன்றாவது பெட்டியில் தமிழ். யாரும் இல்லை என்று வந்தது. திரும்பிப் போய் மூன்றாவது பெட்டியில் மராத்தி. முதல் பெயராக லீலா கே.

"இது எப்படிங்க மாறுச்சு?"

பின்னால் நிற்கிறவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க?" என்று திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

அட மனுஷா, விதியாவது மண்ணாவது! அப்போதாவது வாயைத் திறக்க வேண்டாமா? 'உன்னை எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியவில்லை, அந்தப் பாழாய்ப்போன பெட்டியைச் செய்தவன் நான்தான் லீலா' என்று சொல்லியிருந்தால் அவள் 'அஹோ' என்று கத்தியிருப்பாள், இரண்டு நாள் சோறு ஆறிப்போய் வந்திருக்கும், அதோடு போயிருக்கும். கந்தசாமி நின்றார். கட்டின கை கட்டினபடியே இருந்தது.

"உங்களுக்கும் நான் பத்தலைங்களா?" என்று கேட்டாள் லீலா.

கத்தவில்லை. அவர் காதில் விழுந்தால் போதும் என்கிற அளவுக்குத்தான் கேட்டாள். அதற்கும் அவர் பேசவில்லை. அவள் நாற்காலியை விட்டு எழுந்து, "தமிழ்னு மாத்துங்க" என்றாள். அவர் உட்கார்ந்து மாற்றினார்.

அடுத்த வாரம் முழுக்க லீலா போன் பக்கத்தில் நின்றாள். பிள்ளைகளை அனுப்பிய ஒவ்வொரு வீட்டையும் தானே கூப்பிட்டு, மராத்தி தெரிந்தவர்களிடம் சுத்தமான மராத்தியில், மற்றவர்களிடம் அவர்களுக்குத் தெரிந்த பாஷையில், என் தாய்மொழி தமிழ், சைட்டில் தப்பாக இருந்தது, இஷ்டமிருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னாள். 'என் வீட்டுக்காரர் மாற்றினார்' என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கந்தசாமி சமையலறையில் நின்று ஒவ்வொரு போனையும் கேட்டார். மராத்திக் குடும்பம் ஒன்று இருந்தது. இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிற மகளுக்குச் சொந்த பாஷை எழுத வரவில்லை என்று அனுப்பியவர்கள். அந்த அம்மா, "அதனாலென்ன தாயி? அவள் உங்களிடம்தான் வருவாள்" என்றாள். மற்றவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருத்தருக்கு நேரம் ஒத்துவரவில்லை, ஒருத்தர் பிள்ளைக்கு வேறு கிளாஸ். ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். தமிழ்ப் பிள்ளைகள்தான் முதலில் நின்றன.

அந்த மராத்திப் பெண் பத்தாவது எழுதி முடிக்கிறவரை லீலா சொல்லிக் கொடுத்தாள். முடிந்ததும் ஜமக்காளத்தைத் துவைத்துக் காயவைத்து, பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் போட்டாள்.

கந்தசாமி அதற்குள் மொழிப் பாடங்களில் மூன்றாவது பெட்டியை எடுத்திருந்தார். எடுத்ததும் லீலா கே.யைக் கேட்டு போன் வந்தது, கொடுமையைப் பாருங்கள். தமிழர்களும் கூப்பிட்டார்கள். "இப்ப எடுக்கறதில்லைங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள். "ஒரே ஒரு பிள்ளையாவது எடேன் லீலா" என்று கெஞ்சிப் பார்த்தார். "என் பேரை எடுத்துருங்க" என்றாள். எடுத்தார்.

சண்டை கிடையாது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. ஏனுங்க என்பதும் இருந்தது. அஹோ மட்டும் போய்விட்டது. அந்த வார்த்தை காதில் விழாதா என்று வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுப் பார்த்தார் மனுஷர். அவள் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடியில் போட்டாள். புதுப் பக்கம் செய்துவிட்டுக் கூப்பிட்டால், "வேற யாரையாவது உக்கார வைங்க" என்பாள். வேறு யாரை உட்காரவைப்பது? சும்மா உத்தேசமாகச் செய்தார். ஜனங்கள் தடுமாறினார்கள், தடுமாறியவர்கள் திரும்பி வரவில்லை. பெரிய பெரிய கம்பெனிகள் இதே மாதிரி சைட்களோடு வந்தன. ஸ்வாமிநாதன்கூட ஒன்றில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, சங்கடப்பட்டுக்கொண்டு போன் செய்தார்.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சைட்டை மூடிவிடுவது என்று உட்கார்ந்தார். மூடுவதற்கு முன்னால் ஒருமுறை பார்க்கலாம் என்று முதல் பக்கத்தைத் திறந்தார். மராத்தி என்று தட்டினார், வாகட் என்று தட்டினார். யார் யாரோ வந்தார்கள்.

பின்னால் காலடிச் சத்தம். சமையலறையிலிருந்து வந்த லீலா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். திரையின் கண்ணாடியில் அவள் மங்கலாகத் தெரிந்தாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

கந்தசாமி திரும்பவில்லை. திரும்பினால் வராது என்று அவருக்குத் தெரியும். திரையைப் பார்த்தே சொன்னார்.

"எனக்கு நீ பத்தாமப் போனதே இல்ல லீலா. ஊருக்குத் தெரியலையேன்னு பயந்துட்டேன். ஊரைத் திருத்தத் துப்பில்லாம உன்னைத் திருத்திப்புட்டேன்."

பின்னாலிருந்து சத்தமே இல்லை. விதி அவர் போட்டதுதானே. அவர் காத்திருந்தார். இனி வராது என்று நினைத்து மவுஸை நகர்த்தப் போகிற நேரத்தில் அவள் கை அவர் தோள்மேல் வந்து விழுந்தது.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தீங்கன்னா," என்றாள் லீலா, "யாரு வந்திருப்பாங்க, யாரு வராமப் போயிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் ஜமக்காளத்தை விரிச்சு வெச்சிருப்பேன்."